ரீகாயில் ஸ்பிரிங்: உங்கள் பிஸ்டலுக்கு எத்தனை பவுண்டு?

புதிதாகப் பிஸ்டல் வாங்கியவர் முதலில் கைவைக்கும் இடம் பெரும்பாலும் ரீகாயில் ஸ்பிரிங்தான். சுட்டதும் பின்னே ஓடும் ஸ்லைடை, அதாவது பிஸ்டலின் மேல்பகுதியை, திரும்ப முன்னே தள்ளும் சுருள் அது. விலை குறைவு, மாற்றுவதும் சுலபம். போதாததற்கு, "கனமான ஸ்பிரிங் போட்டால் உதை குறையும்" என்று யாராவது ஒருவர் காதில் போட்டிருப்பார். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். .45 ஏசிபி தோட்டா சுடும் 1911 ரகப் பிஸ்டல் ஒன்றில் இருந்த 16 பவுண்டு ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு 20 பவுண்டு ஸ்பிரிங் போட்டேன். அதே வாரம் மருந்து குறைந்த, மென்மையான பயிற்சித் தோட்டாக்களுக்கும் மாறினேன். அடுத்த மூன்று வாரமும் காலிக்கூடுகள் ஸ்லைடின் வாயில் நட்டுவைத்தது போல் நின்று சிக்கிக்கொண்டே இருந்தன. தோட்டாவைத் திட்டினேன். மேகசினை மாற்றினேன். கூட்டைப் பிடித்து இழுக்கும் எக்ஸ்ட்ராக்டர் கொக்கியைக்கூட வளைத்துப் பார்த்தேன். ஸ்பிரிங்கை மட்டும் சந்தேகிக்கவே இல்லை, அது புதியதாயிற்றே!

அந்த மூன்று வாரத்தை நீங்கள் மிச்சப்படுத்திக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன். உரிமத்துடன் பிஸ்டல் வைத்திருந்து, ரேஞ்சில் சுட்டுப் பழகுபவருக்கானது இது. ஸ்லைடைக் கழற்றிச் சுத்தம் செய்து திரும்பப் பூட்டத் தெரிந்திருந்தால் போதும், வேறு கைத்திறன் வேண்டாம்.

வேலையைத் தொடங்கும் முன் ஒன்று. மேகசினை எடுங்கள், ஸ்லைடைப் பின்னே இழுத்துப் பூட்டுங்கள், சேம்பர் (தோட்டா உட்காரும் அறை) காலியா என்று கண்ணாலும் விரல் நுனியாலும் பாருங்கள். தோட்டாக்கள் வேறு அறையில் இருக்கட்டும். கண்ணாடியும் அணிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் 1911 ரகத்தில் ஸ்பிரிங்கின் முன்முனையை மூடியிருக்கும் பிளக் கை நழுவினால் நேராக முகத்துக்குத்தான் வரும்.

1. ஸ்பிரிங் உண்மையில் என்ன செய்கிறது

"சுடும்போது ஸ்லைடைப் பிடித்து நிறுத்துவது ஸ்பிரிங்" என்ற எண்ணத்தை முதலில் கழற்றி வைத்துவிட வேண்டும். இன்று புழங்கும் 9 எம்எம், .45 பிஸ்டல்களில் பெரும்பாலானவை அமெரிக்கத் துப்பாக்கி வடிவமைப்பாளர் ஜான் பிரௌனிங் வகுத்த முறையில் வேலை செய்பவை. வெடித்த கணத்தில் பேரலும் ஸ்லைடும் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டே கொஞ்ச தூரம் பின்வாங்கும். பிறகு பேரலின் பின்பகுதி கீழே இறங்கிப் பூட்டு விலகும், ஸ்லைடு மட்டும் தன் பயணத்தைத் தொடரும்.

இதில் ஸ்பிரிங்கின் பங்கு எவ்வளவு? .45 தோட்டாவின் குண்டு ஏறக்குறைய 15 கிராம், ஸ்லைடும் பேரலும் சேர்ந்தால் ஏறக்குறைய அரைக் கிலோ. குண்டு பேரலைக் கடந்து வெளியேறும் நேரத்தில் ஸ்லைடு இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் நகர்ந்திருக்கும். அந்த நகர்வில் ஸ்பிரிங் கூடுதலாக அமுங்குவது ஒன்றுமே இல்லை. கூட்டின் அடிப்பாகத்தைப் பின்னே தள்ளும் வாயுவின் விசை ஆயிரக்கணக்கான பவுண்டு. ஸ்பிரிங் கொடுப்பது பத்துப் பதினைந்து பவுண்டு. மோதல் எந்தப் பக்கம் முடியும் என்று சொல்லவே வேண்டாம். சேம்பரை மூடி வைத்திருப்பது பூட்டும் எடையும்தான்.

பூட்டு விலகிய பிறகு ஸ்லைடைத் தணிப்பதிலாவது ஸ்பிரிங் பெரிய ஆளா என்றால், அதுவும் இல்லை. 16 பவுண்டு ஸ்பிரிங் முழுத் தூரத்துக்கும் அமுங்கும்போது வாங்கிக்கொள்ளும் ஆற்றலைத் தோராயமாகக் கணக்குப் போட்டால், ஸ்லைடு கொண்டுவரும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்குகூட வராது. மீதி, தோட்டாவை வெடிக்கச் செய்யும் சுத்தியலான ஹேமரைத் தூக்குவதிலும், உராய்விலும், மேகசினில் உள்ள தோட்டாவோடு உரசுவதிலும், கடைசியில் பிஸ்டலின் உடலான பிரேமில் மோதுவதிலும் போகிறது. அதனால்தான் இரண்டு பவுண்டு கூட்டினால் உதை பாதியாகிவிடும் என்ற நம்பிக்கை பலிப்பதில்லை. குண்டு முன்னே போகும் உந்தம் எவ்வளவோ அவ்வளவும் உங்கள் கைக்கு வந்தே தீரும். ஸ்பிரிங்கால் அது எப்போது, எந்த வேகத்தில் வருகிறது என்பதைக் கொஞ்சம் மாற்றலாம், அவ்வளவுதான்.

திரும்பும் பயணம்தான் ஸ்பிரிங்கின் சொந்த வேலை. நின்றுபோன ஸ்லைடை முன்னே தள்ள வேண்டும், மேகசினின் மேல் தோட்டாவை உரித்தெடுக்க வேண்டும், அதைச் சரிவில் ஏற்றிச் சேம்பருக்குள் செலுத்த வேண்டும், கூட்டின் விளிம்பை எக்ஸ்ட்ராக்டர் கொக்கிக்குள் நுழைக்க வேண்டும், பேரலை மேலே தூக்கிப் பூட்ட வேண்டும். இத்தனையும் செய்வது அமுங்கியபோது சேமித்த அந்தச் சிறு ஆற்றல்தான். தானே மூடிக்கொள்ளும் கதவின் ஸ்பிரிங்கைப் பாருங்கள். வலுவாக இருந்தால் கதவு படாரென்று அறையும். தளர்ந்தால் விரற்கடை இடைவெளி விட்டு நின்றுவிடும். பிஸ்டலிலும் அதே கதைதான். ஒரே வித்தியாசம், இந்தக் கதவைத் திறக்கும் கை ஒவ்வொரு தோட்டாவுக்கும் மாறும்.

வால்தர் பிபிகே, மகரோவ் போன்றவை வேறு ரகம். இவற்றில் பூட்டே கிடையாது. ஸ்லைடின் எடையும் ஸ்பிரிங்கும் மட்டுமே சேம்பரை மூடி வைத்திருக்கின்றன. அவற்றில் தொழிற்சாலை அளவை விட்டுக் கீழே இறங்காதீர்கள். இனி வருவதெல்லாம் பூட்டுள்ள பிஸ்டல்களைப் பற்றியது.

2. பவுண்டு என்ற எண்ணின் பொருள்

பொட்டலத்தில் "16 பவுண்டு" என்று போட்டிருப்பது ஸ்பிரிங்கின் எடையைக் குறிப்பதில்லை. ஸ்லைடு முழுக்கப் பின்னே போயிருக்கும் நிலையில், அந்த நீளத்துக்கு அமுங்கிய ஸ்பிரிங் எவ்வளவு விசையோடு தள்ளுகிறது என்பதுதான் அது. 16 பவுண்டு என்றால் சுமார் 7.3 கிலோ, 18.5 பவுண்டு என்றால் சுமார் 8.4 கிலோ. ஸ்லைடு மூடியிருக்கும்போது அதே ஸ்பிரிங் இதைவிட மிகக் குறைவாகத்தான் தள்ளும்.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. இரண்டு நிறுவனங்கள் விற்கும் 16 பவுண்டு ஸ்பிரிங்குகள் கடைசி நிலையில் ஒரே விசையைக் காட்டினாலும், மூடிய நிலையில் ஒன்று தளர்வாகவும் மற்றது இறுக்கமாகவும் இருக்கலாம். கம்பியின் தடிப்பு, சுற்றுகளின் எண்ணிக்கை, சும்மா இருக்கும்போதுள்ள நீளம் எல்லாம் சேர்ந்து இதைத் தீர்மானிக்கின்றன. சுற்றுகள் ஒரே இடைவெளியில் இருப்பது சாதா ரகம். இடைவெளி மாறிமாறி வருவது ஏறுவிசை ரகம். ஏறுவிசை ஸ்பிரிங் ஆரம்பத்தில் இளகிக் கொடுத்துக் கடைசியில் இறுகும், அதனால் ஸ்லைடை இழுக்கத் தொடங்குவது எளிது. ஆனால் கடைசிச் சில மில்லிமீட்டரில் ஸ்லைடை மூடும் வலு இதில் குறைவாக இருக்கலாம். சுத்தம் செய்யாமல் நிறையச் சுடுகிறவருக்கு நான் சாதா ரகத்தையே சொல்வேன். ரகத்தையும் எண்ணையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது என்ன செய்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது. ஏதாவது ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

3. தொடங்கும் இடம் தொழிற்சாலை அளவு

உங்கள் பிஸ்டலோடு வந்த அளவு என்ன என்று கையேட்டில் பாருங்கள், இல்லாவிட்டால் தயாரிப்பாளரிடம் கேளுங்கள். உருவாக்கியவர்கள் பலவகைத் தோட்டாக்களைச் சுட்டுப் பார்த்து நிறுத்திய இடம் அது. பரவலாகப் புழங்கும் சில எண்கள்: 5 அங்குலப் பேரல் கொண்ட 1911, .45 தோட்டாவுக்கு 16 பவுண்டு. அதே உடல் 9 எம்எம் சுட்டால் 14 பவுண்டு அளவு. பெரெட்டா 92க்கு 13, சிஇசட் 75க்கு 14, பிரௌனிங் ஹை பவருக்கு 17, கிளாக் 17க்கு 17.

கடைசி நான்கும் ஒரே 9 எம்எம் தோட்டாவைச் சுடுபவைதானே, பெரெட்டாவுக்கு 13ம் ஹை பவருக்கு 17ம் எப்படி வந்தது என்று கேட்கத் தோன்றும். ஸ்லைடின் எடை, அது போகும் தூரம், ஹேமர் ஸ்பிரிங்கின் இறுக்கம், பூட்டு விலகும் விதம் எல்லாம் துப்பாக்கிக்குத் துப்பாக்கி வேறு. அதனால் நண்பருடைய பிஸ்டலின் எண் உங்களுக்கு உதவாது.

பேரல் குறையக் குறைய எண் ஏறும் என்பதையும் கவனியுங்கள். 5 அங்குல 1911க்கு 16 என்றால், 4.25 அங்குலக் கமாண்டர் அளவுக்கு 18, அதைவிடக் குட்டையான ஆபீசர்ஸ் அளவுக்கு 22 பவுண்டு வரை போகும். ஸ்லைடு குட்டையானால் எடை குறைகிறது, எடை குறைந்தால் வேகம் கூடுகிறது, போகும் தூரமும் சுருங்குகிறது. குறைந்த இடத்துக்குள் அதிக வேலை முடிய வேண்டும். இந்தச் சிறிய பிஸ்டல்களில் விளையாட இடமே குறைவு. ஸ்பிரிங் பரிசோதனை செய்ய ஆசை இருந்தால் முழு அளவுத் துப்பாக்கியில் செய்யுங்கள்.

கிளாக் பிஸ்டல்களின் நான்காம் தலைமுறையில் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு ஸ்பிரிங்குகள், நடுவே போகும் வழிகாட்டிக் கம்பியோடு சேர்த்துப் பூட்டிய தொகுதியாக வருகின்றன. அதில் ஸ்பிரிங்கை மட்டும் தனியாகக் கழற்ற முடியாது, தொகுதியையே மாற்ற வேண்டும். 2010ல் வந்த அந்தத் தலைமுறையின் ஸ்பிரிங் தொகுதிகளை அடுத்த ஆண்டே அந்த நிறுவனம் தானாக முன்வந்து மாற்றிக் கொடுத்தது. தொழிற்சாலைக்கே ஒரே அடியில் பிடிபடாத விஷயம் இது என்று எனக்கு அதில் ஓர் ஆறுதல்.

4. நீங்கள் சுடும் தோட்டாவைக் கணக்கிடுங்கள்

ஸ்பிரிங்கை முடிவு செய்வது துப்பாக்கியும் தோட்டாவும் சேர்ந்துதான். தோட்டாவின் பலத்தை ஒப்பிட எளிய வழி ஒன்று உண்டு. குண்டின் எடையைக் கிரெயின் என்ற சிற்றெடை அளவிலும் வேகத்தை வினாடிக்கு இத்தனை அடி என்றும் எடுத்துப் பெருக்கி, 1000ஆல் வகுத்துவிடுங்கள். ஐபிஎஸ்சி, யூஎஸ்பிஎஸ்ஏ அமைப்புகளின் துப்பாக்கிப் போட்டிகளில் பவர் பேக்டர் என்று சொல்வது இதைத்தான். அங்கே 125க்குக் கீழே போனால் புள்ளிக் கணக்கிலேயே சேராது.

வழக்கமான .45 தோட்டாவில் 230 கிரெயின் குண்டு, 850 அடி வேகம். பெருக்கி வகுத்தால் 195.5. இலக்குப் போட்டிக்கான மென்மையான .45 தோட்டாவில் 185 கிரெயின், 770 அடி. அது 142 அளவு. பெட்டியில் இரண்டுக்கும் ஒரே பெயர்தான், ஆனால் ஸ்லைடு பெறும் தள்ளலில் கால்வாசிக்கும் மேல் குறைந்துபோகிறது. முதல் தோட்டாவுக்கு 16 பொருத்தம். இரண்டாவதற்கு இலக்குச் சுடுபவர்கள் 12, 14 என்று இறங்குவார்கள். நான் அதே மென்மையான தோட்டாவுக்கு 20 போட்டிருந்தேன். சிக்காமல் என்ன செய்யும்?

9 எம்எம்மில் வித்தியாசம் இவ்வளவு பெரிதாக இருக்காது. 115 கிரெயின் 1150 அடியில் போனால் 132. 147 கிரெயின் 900 அடியில் போனாலும் அதே 132. 124 கிரெயின் 1150 அடியில் 142.6. கடையில் வாங்கும் சாதாரண 9 எம்எம் தோட்டாவை மட்டும் சுடுகிறவர் ஸ்பிரிங்கை மாற்ற வேண்டிய தேவையே பெரும்பாலும் வராது. இதைச் சொன்னால் பலருக்கு ஏமாற்றமாக இருக்கும். சரி, பரவாயில்லை.

பெட்டியில் போட்டிருக்கும் வேகம் அவர்களுடைய சோதனைப் பேரலில் அளந்தது, உங்கள் பேரல் குட்டை என்றால் வேகம் குறையும். குண்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராப் கிடைத்தால் உங்கள் பிஸ்டலிலேயே பத்துத் தோட்டா சுட்டு அளந்துகொள்ளுங்கள். பயிற்சிக்கு ஒரு தோட்டா, பாதுகாப்புக்கு வேறொரு தோட்டா என்று வைத்திருப்பவர், இரண்டில் எது தவறினால் விபரீதமோ அதற்கு ஏற்ற ஸ்பிரிங்கை வைக்க வேண்டும். மற்றது கொஞ்சம் முன்பின்னாக ஓடினாலும் பொறுத்துக்கொள்ளலாம்.

5. சுடுவதற்கு முன் மேசை மேல் செய்யும் சோதனைகள்

தொழிற்சாலை அளவிலிருந்து இரண்டு பவுண்டுக்கு மேல் தாண்டாமல் மேலே ஒன்று, கீழே ஒன்று வாங்குங்கள். 16 என்றால் 14ம் 18ம். பல அளவுகள் சேர்ந்த தொகுப்பாகவும் விற்கிறார்கள்.

முதல் சோதனை, ஸ்லைடு முழுத் தூரம் போகிறதா என்பது. ரீகாயில் ஸ்பிரிங்கை மட்டும் எடுத்துவிட்டு, வழிகாட்டிக் கம்பி உட்பட மற்ற எல்லாவற்றையும் பூட்டுங்கள். ஸ்லைடைப் பின்னே தள்ளி, அது நிற்கும் இடத்தில் பிரேமில் ஒரு சிறு காகித நாடா ஒட்டிக் கோடு போடுங்கள். பிறகு புதிய ஸ்பிரிங்கோடு பூட்டி இழுத்துப் பாருங்கள். அதே கோட்டைத் தொட வேண்டும். தொடவில்லை என்றால் ஸ்லைடு பிரேமில் போய் நிற்கும் முன்னரே சுற்றுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கட்டியாகிவிடுகின்றன என்று பொருள். அந்த ஸ்பிரிங் எத்தனை பவுண்டாக இருந்தாலும் உங்கள் துப்பாக்கிக்கு ஆகாது. கழற்ற முடியாத தொகுதி உள்ள பிஸ்டல்களில் இந்தச் சோதனை செய்ய முடியாது.

அடுத்தது கை உணர்வு. ஹேமர் உள்ள பிஸ்டல் என்றால் ஹேமரைப் பின்னே தூக்கி வைத்துவிட்டு இழுங்கள். ஹேமர் கீழே இருக்கும்போது இழுத்தால் நீங்கள் உணர்வதில் பெரும்பங்கு ஹேமர் ஸ்பிரிங்தான். ஸ்லைடை இழுக்கக் கை வலிக்கிறது என்று ரீகாயில் ஸ்பிரிங்கைக் குறைக்கிறவர்கள் முதலில் இதைச் செய்து பார்க்கலாம். பலருக்குப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும்.

மூன்றாவது சோதனை கிளாக் போன்ற ஸ்டிரைக்கர் பிஸ்டல்களுக்கானது, அதாவது ஹேமருக்குப் பதில் ஸ்லைடுக்குள்ளேயே ஸ்பிரிங்கால் பாயும் ஊசி உள்ளவற்றுக்கு. இவற்றில் ஸ்டிரைக்கர் ஸ்பிரிங் ரீகாயில் ஸ்பிரிங்குக்கு எதிராக ஸ்லைடைப் பின்னே இழுத்துக்கொண்டிருக்கும். காலி என்று மறுபடி உறுதி செய்துவிட்டு, பாதுகாப்பான திசையில் துப்பாக்கியின் வாயை 45 பாகை மேலே தூக்குங்கள். டிரிகரை அழுத்தியபடியே பிடித்துக்கொண்டு ஸ்லைடைப் பின்னே இழுத்து, கையோடு மெல்ல முன்னே விடுங்கள். தானாக முழுக்க மூட வேண்டும். கடைசியில் ஒரு மில்லிமீட்டர் நின்றால்கூட அந்த ஸ்பிரிங் தளர்வு. புதிய லேசான ஸ்பிரிங்குக்கும் தேய்ந்துபோன பழைய ஸ்பிரிங்குக்கும் இந்தச் சோதனை ஒன்றே போதும்.

இந்தச் சோதனைகளை எல்லாம் செய்யும்போது காலிச் சேம்பரின் மேல் ஸ்லைடைப் படாரென்று விட்டுவிடாதீர்கள். தோட்டா இருந்தால் அது உரியும்போது வேகம் தணியும். காலியாக விட்டால் முழு அடியும் உலோகத்துக்குத்தான்.

6. ரேஞ்சில்

முதலில் பழைய ஸ்பிரிங்கோடு 50 தோட்டா சுட்டு, நடப்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒப்பிட ஒன்று இல்லாமல் புதியதைப் போடுவதில் அர்த்தமில்லை. அப்புறம் புதிய ஸ்பிரிங், அதே தோட்டா, அதே மேகசின்கள், அதே கை.

காலிக்கூடு எங்கே விழுகிறது என்று பாருங்கள். ஒன்று முதல் இரண்டு மீட்டருக்குள் ஓரளவு ஒரே இடத்தில் குவிந்தால் ஸ்பிரிங் ஏறக்குறைய சரி. நாலைந்து மீட்டர் தாண்டிப் பறந்தால் ஸ்லைடு வேகமாக வருகிறது, அதாவது ஸ்பிரிங் லேசு. காலடியிலேயே சொட்டினால் ஸ்லைடுக்கு வேகம் போதவில்லை, ஸ்பிரிங் கனம். கைக்கணக்குதான் இது, கூட்டை வெளியே தட்டும் எஜெக்டரின் வடிவமும் எக்ஸ்ட்ராக்டரின் இறுக்கமும்கூடத் தூரத்தை மாற்றும். ஆனாலும் ஒரே துப்பாக்கியில் இரண்டு ஸ்பிரிங்குகளை ஒப்பிட இதைவிட மலிவான கருவி இல்லை.

அடுத்தது எனக்கு மிகவும் பிடித்த சோதனை. மேகசினில் ஒரே ஒரு தோட்டா போடுங்கள், சேம்பருக்கு ஏற்றிச் சுடுங்கள். ஸ்லைடு பின்னே போய்ப் பூட்டிக்கொள்ள வேண்டும். இதை எல்லா மேகசின்களிலும், பத்து முறையாவது, இரண்டு கையால், ஒற்றைக் கையால், பழக்கமில்லாத கையால் தளர்வாகப் பிடித்தும் செய்யுங்கள். ஸ்பிரிங் கனமாகிவிட்டால் முதலில் தவறுவது இதுதான். ஸ்லைடு முழுத் தூரம் போகாமலே திரும்பிவிடும். உறுதியாகப் பிடித்தால் பூட்டுகிறது, தளர்வாகப் பிடித்தால் பூட்டவில்லை என்றால் நீங்கள் விளிம்பில் நிற்கிறீர்கள். இரண்டு பவுண்டு இறங்குங்கள்.

பிறகு முழு மேகசின். இங்கே எதிர்ப்பக்கத்துப் பிழை தெரியும். மேகசின் நிறைந்திருக்கும்போது மேல் தோட்டா ஸ்லைடின் அடியில் மிக அழுத்தமாக உரசும். லேசான ஸ்பிரிங்குக்கு அதை உரித்துக்கொண்டு போய்ப் பூட்டப் பலம் போதாமல், ஸ்லைடு கடைசி இரண்டு மில்லிமீட்டரில் நின்றுவிடலாம். கட்டைவிரலால் தட்டினால் மூடிக்கொள்ளும். சுத்தமான துப்பாக்கியில் இல்லாத இந்தப் பிழை இருநூறு தோட்டாவுக்குப் பிறகு கரி படிந்ததும் தலைகாட்டும். அதனால் சோதனையின் நடுவில் துடைக்காதீர்கள்.

எல்லோரையும் குழப்பும் பிழை ஒன்று உண்டு. சுட்டீர்கள், கூடு வெளியேறியது, ஸ்லைடு மூடியது, ஆனால் சேம்பர் காலி. மேகசினிலோ இன்னும் தோட்டா இருக்கிறது. இது எதிரெதிரான இரண்டு காரணங்களாலும் வரும். ஸ்பிரிங் கனமாக இருந்தால் ஸ்லைடு அடுத்த தோட்டாவின் பின்விளிம்பைத் தாண்டிப் போகாமலே திரும்பிவிடும். லேசாக இருந்தால் ஸ்லைடு தாறுமாறான வேகத்தில் பின்னே போய் பிரேமில் மோதித் தெறித்துத் திரும்பும். மேகசின் ஸ்பிரிங் அடுத்த தோட்டாவை மேலே தூக்கி முடிக்கும் முன் ஸ்லைடு அந்த இடத்தைக் கடந்துவிடும். கனமான ரீகாயில் ஸ்பிரிங் வேறு திரும்பும் வேகத்தைக் கூட்டுவதால், தளர்ந்த மேகசினோடு சேர்ந்தால் அங்கேயும் இதே பிழை வரலாம். எது என்று பிரித்தறியக் காலிக்கூடுகளைப் பாருங்கள். காலடியில் கிடந்தால் முதல் காரணம். தூரத்தில் கிடந்தால் இரண்டாவது. கூடுகள் விழும் இடம் சரியாகவே இருந்தால் மேகசின் ஸ்பிரிங்கைப் புதிதாக மாற்றிவிட்டு மறுபடி பாருங்கள். அது ஒன்றே தீர்த்துவைத்த துப்பாக்கிகள் நிறைய.

சிக்கல் எதுவுமே இல்லாவிட்டாலும் முன்குறியைக் கவனியுங்கள். சுட்டதும் அது மேலே ஏறித் திரும்பப் பின்குறியின் பள்ளத்தில் அமர்கிறது. ஸ்பிரிங் கனமாக இருந்தால் ஸ்லைடு மூடும் வேகத்தில் வாய் கீழே குத்தும், முன்குறி பள்ளத்துக்குக் கீழே போய்விட்டு ஏறிவரும். லேசாக இருந்தால் அது மேலே தங்கிச் சோம்பலாக இறங்கும். போட்டியாளர்கள் பவுண்டு பவுண்டாக மாற்றிக்கொண்டிருப்பது பெரும்பாலும் இதற்காகத்தான். புதியவருக்கு இந்த வித்தியாசம் தெரியாது. சில ஆயிரம் தோட்டா சுட்ட பிறகு தானாகத் தெரிய ஆரம்பிக்கும். அதுவரை இதற்காக ஸ்பிரிங் வாங்க வேண்டாம்.

இருநூறு தோட்டா பிழையில்லாமல் ஓடினால் அந்த ஸ்பிரிங்கை ஏற்றுக்கொள்ளலாம். இரண்டு ஸ்பிரிங்குகள் சமமாக ஓடினால் தொழிற்சாலை அளவுக்கு அருகில் உள்ளதை வைத்துக்கொள்ளுங்கள்.

7. வேறு எதையாவது மாற்றியிருந்தால்

ஸ்லைடின் மேல் சிவப்புப் புள்ளிக் குறிநோக்கி பூட்டினால் ஸ்லைடு கனமாகிறது, அதனால் மெதுவாகப் பின்வாங்கும். பெரும்பாலும் எதுவும் மாற்றத் தேவையிருக்காது. மென்மையான தோட்டா சுட்டுச் சிக்கல் வந்தால் ஒரு பவுண்டு குறைத்துப் பாருங்கள். பேரல் முனையில் காம்பன்சேட்டர் பூட்டினால் கதை பெரிது. வாயுவின் ஒரு பகுதி மேலே போய்விடுவதாலும் முனையில் எடை கூடுவதாலும் ஸ்லைடுக்குக் கிடைக்கும் தள்ளல் குறையும். அங்கே லேசான ஸ்பிரிங் தேவைப்படுவது சாதாரணம்.

ஹேமர் ஸ்பிரிங்கைக் குறைத்தவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். 1911ல் 23 பவுண்டு ஹேமர் ஸ்பிரிங்கை 19க்கு மாற்றினால் டிரிகர் இளகும், உண்மைதான். ஆனால் ஸ்லைடு பின்னே கிளம்பும்போது முதல் எதிர்ப்பைத் தருவதே அந்த ஸ்பிரிங். அதைக் குறைத்தால் ஸ்லைடின் வேகம் கூடும். மறுதலையாக, 1911ல் கனமான ரீகாயில் ஸ்பிரிங் போட்டால் ஃபயரிங் பின் (தோட்டாவின் அடியில் குத்தும் ஊசி) ஸ்பிரிங்கையும் புதிதாக, கொஞ்சம் வலுவானதாக மாற்றிவிடுங்கள். ஸ்லைடு வேகமாக மூடும்போது ஃபயரிங் பின் தன் எடையாலேயே முன்னே பாயப் பார்க்கும், அதைத் தடுப்பது அந்தச் சிறு ஸ்பிரிங்தான்.

இரண்டு குறுக்குவழிகளைத் தவிர்க்கச் சொல்வேன். ஒன்று, ஸ்பிரிங்கின் சுற்றுகளை வெட்டி லேசாக்குவது. வெட்டினால் மூடிய நிலையில் தள்ளும் விசைதான் முதலில் விழும், ஸ்லைடை மூட வேண்டிய வலுவே அதுதான். வெட்டிய முனை வழிகாட்டிக் கம்பியையும் கீறும். இரண்டு, பிரேமைக் காப்பதாகச் சொல்லி இடையில் வைக்கும் பிளாஸ்டிக் வளையம். அது ஸ்லைடின் பயணத்தை அதன் தடிப்பு அளவுக்குக் குறைத்துவிடும். சில துப்பாக்கிகள் தாங்கும், பல தாங்காது. நைந்த துண்டு உள்ளே சிக்கினால் இன்னும் தொல்லை.

8. எப்போது மாற்றுவது

ஸ்பிரிங் அமுங்கி விரியும் ஒவ்வொரு முறையும் துளித்துளியாகச் சோர்கிறது. முழு அளவு 1911க்கு இரண்டாயிரம் தோட்டா, முழு அளவு 9 எம்எம் பிஸ்டலுக்கு மூவாயிரம் முதல் ஐயாயிரம் என்பது பலரும் பின்பற்றும் கணக்கு. குட்டைப் பிஸ்டல்களில் இதைவிட வெகு சீக்கிரம் மாற்ற வேண்டும். உங்கள் கையேட்டில் எண் இருந்தால் அதையே கேளுங்கள். தட்டைக் கம்பி ஸ்பிரிங்குகள் வட்டக் கம்பியைவிடப் பொதுவாக அதிக நாள் உழைக்கும்.

எந்த அளவை முடிவு செய்தாலும் அதே ஸ்பிரிங்கில் இரண்டு வாங்குங்கள். ஒன்றைத் தொடாமல் உறையில் வைத்திருங்கள். சுத்தம் செய்யும்போதெல்லாம் ஓடும் ஸ்பிரிங்கை அதன் பக்கத்தில் நிறுத்தி நீளத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். புதிய ஸ்பிரிங் முதல் சில நூறு தோட்டாக்களிலேயே கொஞ்சம் குறுகிவிட்டு அப்படியே நிலைத்துவிடும், அதைப் பார்த்துப் பதற வேண்டாம். அதற்கு மேலும் குறுகிக்கொண்டே போனால் மாற்றுங்கள். கழற்றிய பழைய தொழிற்சாலை ஸ்பிரிங்கை எறியாதீர்கள், வீட்டில் பவுண்டு தெரியாத ஸ்பிரிங்குகள் கலந்துவிடாமல் ஒவ்வொன்றையும் தனி உறையில் போட்டு, எத்தனை பவுண்டு, எந்தத் தேதியில் பூட்டியது, எத்தனை தோட்டா ஓடியது என்று மேலே எழுதிவிடுங்கள். என்னிடம் எழுதாத உறை ஒன்று இருக்கிறது. அது 14ஆ 18ஆ என்று இன்றுவரை தெரியவில்லை.